முதலில் எந்த எஃகு ஹெல்மெட்டை வாங்குவது? எம்1, எம்56, எஸ்எஸ்எச்-68, மார்க் 4: ஓர் ஒப்பீடு

பழைய ராணுவப் பொருட்களைச் சேர்க்க ஆரம்பிக்கும் பலரும் முதலில் ஆசைப்படுவது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட்டுக்குத்தான். விலையைக் கேட்டதும் பாதி ஆசை போய்விடும். சந்தையில் உலவும் போலிகளைப் பற்றித் தெரிந்ததும் மீதியும் போய்விடும். அப்புறம்தான் 1945-க்குப் பிந்தைய ஹெல்மெட்டுகளின் பக்கம் திரும்புகிறார்கள். சரக்கு நிறைய இருக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் எதை எடுப்பது என்பதில் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் கேட்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்கள் நான்கு: அமெரிக்காவின் எம்1, கிழக்கு ஜெர்மனியின் எம்56, சோவியத் யூனியனின் எஸ்எஸ்எச்-68, பிரிட்டனின் மார்க் 4.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வெளி ஓட்டைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். போருக்குப் பிந்தைய ஹெல்மெட்டின் கதையோ பெரும்பாலும் உள்ளே, லைனரில், அதாவது ஓட்டுக்குள் தலையைத் தாங்கும் உள்ளமைப்பில் இருக்கிறது. ஓட்டின் வடிவம் முப்பது நாற்பது வருடம் அப்படியே ஓடியிருக்கும். தலையில் உட்காரும் பட்டை, தோல், தாடை வார், கொக்கி இவைதான் அவ்வப்போது மாறிக்கொண்டே வந்தன. லைனர் இல்லாத ஹெல்மெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தச் சாய்வோடுதான் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கதை. 1945-க்குப் பிறகு அந்த ஹெல்மெட் எங்கே இருந்தது, ஏன் அந்த வடிவத்துக்கு வந்தது என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்தது அடையாளம். விற்பவர் சொல்வதை நம்பாமல், கையில் எடுத்து நீங்களே ஆண்டையும் தயாரிப்பாளரையும் கண்டுபிடிக்க முடியுமா? புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் மிக முக்கியம் என்பேன்.

மூன்றாவது, முழுமை. லைனரும் வாரும் அந்த ஓட்டோடு சேர்ந்தவைதானா, வேறு இடத்திலிருந்து வந்தவையா?

நான்காவது, மறைசெலவு. கூரியர், சுங்கத் தீர்வை, காணாமல்போன உதிரிப் பாகம், கடைசியாக நம் ஊர்க் காற்று. சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு உப்புக் காற்று ஒரு தனிச் செலவு.

வாங்கும் விலையை வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. மலிவு என்று வாங்கிய ஓட்டுக்கு லைனர் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் காரணம் புரியும்.

இன்னொன்று. இவற்றில் எதையும் பைக் ஓட்டப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். சிலர் கேட்கிறார்கள்! இவை சிதறிவரும் குண்டுத் துண்டுகளைத் தடுக்கச் செய்தவை. தலை தரையில் மோதும்போது அதிர்ச்சியை உள்வாங்கும் நுரை இவற்றில் கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, போலீஸ்காரரும் விடமாட்டார்.

## அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு

| | எம்1 | எம்56 | எஸ்எஸ்எச்-68 | மார்க் 4 |
|---|---|---|---|---|
| புழக்கத்துக்கு வந்தது | 1941 | 1956 | 1968 | 1945 வாக்கில் |
| பேர்போன களம் | கொரியா, வியட்நாம் | பெர்லின் சுவர், எல்லைக் காவல் | ஆப்கானிஸ்தான் | கொரியா, சூயஸ், ஃபாக்லாந்து |
| ஆண்டைக் கண்டுபிடிப்பது | முடியும், படிக்க வேண்டும் | எளிது | எளிது | மிக எளிது |
| ஏமாறும் வாய்ப்பு | அதிகம் | குறைவு | குறைவு | நடுத்தரம் |
| நம் ஊரில் முதலில் கெடுவது | பருத்திப் பட்டை | தோல் | செயற்கைத் தோல் | ரப்பர் |
| முழுமையானதன் விலை | நான்கில் அதிகம் | குறைவு | குறைவு | நடுவில் |

## அமெரிக்க எம்1

1941 ஜூனில் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. போர் முடிவதற்குள் இரண்டு கோடிக்கும் மேல் செய்து தள்ளினார்கள். டெட்ராய்ட்டில் மெக்கார்ட் என்ற ரேடியேட்டர் கம்பெனியும், செயின்ட் லூயிஸில் ஷ்லூட்டரும் முக்கியத் தயாரிப்பாளர்கள். அப்படியானால் இது எப்படிப் போருக்குப் பிந்தைய ஹெல்மெட் ஆகும் என்று கேட்கலாம். 1980-களின் நடுவில் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையில் செய்த ஹெல்மெட் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை இதுதான் அமெரிக்கச் சிப்பாயின் தலையில் இருந்தது. கொரியாவில் போட்டது, வியட்நாமில் போட்டது எல்லாம் இதுதான். போர்க்கால ஓடுகளையே திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள், 1950-களிலும் 60-களிலும் புதிதாகவும் செய்தார்கள்.

இதன் சூட்சுமம் இரண்டு பகுதியாக இருப்பது. வெளியே எஃகு ஓடு, உள்ளே தனியாகக் கழன்றுவரும் லைனர். தலையில் பட்டைகளைத் தொங்கவிட்டுத் தாங்கும் முறையை அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட் செய்த ஜான் ரிடெலின் வடிவமைப்பிலிருந்து எடுத்தார்கள். ஓட்டைக் கழற்றினால் அது ஒரு சட்டி. சிப்பாய்கள் அதில் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், சுடவைத்துச் சமைக்கவும் செய்தார்கள். நெருப்பில் காட்டினால் எஃகின் தன்மை கெடும் என்று மேலிடம் எச்சரித்தும் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஃகு சாதாரண எஃகு அல்ல. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகு. அடி வாங்க வாங்க இறுகும் குணம் அதற்கு உண்டு. 0.45 அங்குலக் கைத்துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 800 அடி வேகத்தில் வந்தால் தாங்க வேண்டும் என்பது சோதனை அளவுகோல். ரைபிள் குண்டுக்கு முன்னால் இது நிற்காது. இந்த நான்கில் எதுவுமே நிற்காது. சேகரிப்பவருக்கு இந்த எஃகில் இன்னொரு லாபம்: காந்தம் இதில் ஏறக்குறைய ஒட்டவே ஒட்டாது. சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓட்டைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுப் பட்டை மடித்துப் பொருத்தியிருக்கும். அதன் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அந்த இணைப்பு நெற்றிப் பக்கம் இருந்தால் ஓடு 1944-இன் கடைசிக்கு முந்தையது. பின்னந்தலைப் பக்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. நெற்றியின் உள்பக்கத்தில் குத்திய எண்ணும் எழுத்தும் தெரிந்தால் அது எஃகு வார்ப்பின் எண். மேலே பூசிய பெயின்டைத் தடவுங்கள். போர்க்காலத்தில் பொடித்த கார்க் கலந்தார்கள், பிறகு மணல் கலந்தார்கள். கை வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

தாடை வாரையும் பாருங்கள். போர்க்காலத்தில் அதை ஓட்டின் வளையத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள். பிந்தையது கிளிப் போட்டுக் கழற்றக்கூடியது. லைனரின் உச்சியில் உள்பக்கம் டிஎஸ்ஏ என்ற எழுத்துகளோடு ஒப்பந்த எண் அச்சாகியிருந்தால், அதிலுள்ள இரண்டு இலக்கம் ஆண்டு. 68 என்றால் 1968. வியட்நாம் காலத்து லைனரை உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது ஆபத்து. முன் இணைப்புள்ள ஓடு, 1968 லைனர், கிளிப் வார் என்று கலந்து வந்தால் புதியவர்கள் "ஒட்டுப்போட்டது" என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் ராணுவமே அப்படித்தான் கொடுத்தது. அது உண்மையான வியட்நாம் ஜோடியாக இருக்கலாம். அதே காரணத்தால்தான் வியாபாரிகள் வீட்டில் உட்கார்ந்து ஜோடி சேர்க்கவும் முடிகிறது. துணி உறைமேல் பேனாவால் எழுதிய வாசகம், நாள்காட்டிக் கட்டங்கள் இவற்றுக்குக் கூடுதல் விலை கேட்டால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். வியட்நாமில் அப்படி எழுதியது உண்மைதான். பேனா இப்போதும் கிடைக்கிறது என்பதும் உண்மைதான்.

### எம்1 என்று விற்கப்படும் மற்றவை

போருக்குப் பிறகு அமெரிக்காவின் கூட்டாளி நாடுகள் இதே வடிவத்தைத் தாங்களே செய்துகொண்டன. பெல்ஜியத்தின் எம்51, நெதர்லாந்தின் எம்53, பிரான்சின் 1951 மாடல், மேற்கு ஜெர்மனியின் எம்1ஏ1 எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இவற்றில் ஏபிஎல் என்ற முத்திரையும் ஆண்டும் இருந்தால் பெல்ஜியம். இவை மோசமான பொருட்கள் இல்லை. மலிவாக, முழுசாக, ஆண்டு முத்திரையோடு கிடைக்கும். அமெரிக்கன் என்று சொல்லி அமெரிக்க விலைக்கு விற்றால்தான் தகராறு. அந்த வடிவம் அலமாரியில் இருந்தால் போதும் என்பவருக்கு நான் பெல்ஜியம் ஹெல்மெட்டைத்தான் சொல்வேன்.

## கிழக்கு ஜெர்மனியின் எம்56

நான்கில் கதை அடர்த்தியானது இதுதான், விலையும் குறைவு. இப்படி அமைவது அபூர்வம்.

1950-களில் இரண்டு ஜெர்மனிகளும் மறுபடி படை திரட்டியபோது இரண்டுக்கும் ஒரே தர்மசங்கடம்: உலகம் முழுக்க நாஜிகளின் அடையாளமாகிவிட்ட பழைய ஹெல்மெட்டைத் திரும்பப் போட முடியாது. மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல் படை மட்டும் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டது. 1955-இல் தொடங்கிய மேற்கு ஜெர்மன் ராணுவமோ நேட்டோ தோழமைக்கு ஏற்ப அமெரிக்க வடிவத்துக்குப் போனது. கிழக்கு ஜெர்மனியின் தேசிய மக்கள் ராணுவம் 1956 மார்ச்சில் உருவானது. அவர்கள் எடுத்த வடிவம், போர்க்காலத்தில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் சோதித்துப் பார்த்துப் புழக்கத்துக்கு வராமல் போன ஒரு மாதிரியின் வழிவந்தது. ஓலைக் கூரை மாதிரி எல்லாப் பக்கமும் சரிந்து இறங்கும் ஓடு. துண்டு வந்து பட்டால் வழுக்கிப் போகும், அச்சில் அழுத்திச் செய்வதும் சுலபம். ஆக, நாஜி ஜெர்மனியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று உரக்கச் சொன்ன நாடுதான் நாஜிக் காலத்து ஆய்வில் பிறந்த ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டது! பார்க்கப் பழைய ஜெர்மன் ஹெல்மெட் மாதிரி இல்லை, சோவியத் ஹெல்மெட்டின் சாயலும் கொஞ்சம் இருந்தது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

தயாரிப்பு நடந்த இடமும் கதையின் பகுதிதான். ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் டாலே ஊரின் இரும்பாலை 1916-இலிருந்தே ஜெர்மன் ராணுவத்துக்கு எஃகு ஹெல்மெட் செய்துவந்தது. பேரரசர் காலம், நாஜிக் காலம், கம்யூனிஸ்ட் காலம் என்று ஆட்சிகள் மாறின, ஆலை அதே வேலையைச் செய்தது.

1961 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் பெர்னாவர் தெருவில் முள்கம்பிச் சுருளைத் தாண்டி மேற்கே குதித்த கிழக்கு ஜெர்மன் காவலர் கொன்ராட் ஷூமானின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பீட்டர் லைபிங் எடுத்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் தலையில் இருப்பது எம்56. பெர்லின் நொய வாஹ நினைவகத்தின் முன்னால் மரியாதைக் காவல் நின்றவர்கள் தலையில் இருந்ததும் இதே வடிவம்தான்.

1990 அக்டோபர் 3-இல் இரண்டு ஜெர்மனியும் இணைந்தன. அந்த ராணுவமே இல்லாமல்போனது, கிடங்குகளில் இருந்தது எல்லாம் சந்தைக்கு வந்தது. விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். பல ஹெல்மெட்டுகள் ஒருவர் தலையிலும் ஏறாமலே கிடங்கிலிருந்து நேரே வந்தவை. போலி செய்ய யாருக்கும் லாபமில்லை.

லைனரில்தான் தரம் பிரிகிறது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட்டின் உள்ளே இருந்ததைப் போன்ற தோல் லைனர். 1960-களில் வேறு அமைப்புக்கு மாறினார்கள். முதல் வகை கிடைப்பது கடினம், விலையும் கூட. இரண்டாவது வகை தாராளமாகக் கிடைக்கும்; முதல் ஹெல்மெட்டுக்கு அதுவே போதும். மழைத்துளி விழுவதுபோல் கோடுகள் போட்ட துணி உறையும் தேடிப் பார்த்தால் கிடைக்கும், அதுவும் அந்த ராணுவத்துக்கே உரியது. அணிவகுப்புக்கென்று பிளாஸ்டிக்கில் செய்தவையும் சந்தையில் உண்டு, எனவே கையில் எடுக்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை என்ன? தோல். நம் ஊர் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும்.

## சோவியத் எஸ்எஸ்எச்-68

சோவியத் ஹெல்மெட்டின் வரலாறு சிக்கனத்தின் வரலாறு. எஸ்எஸ்எச்-40 என்ற போர்க்கால ஓட்டையே வைத்துக்கொண்டு 1960-இல் லைனரை மட்டும் மாற்றி எஸ்எஸ்எச்-60 என்றார்கள். 1968-இல்தான் ஓடு மாறியது: நெற்றிச் சரிவு கூடியது, விளிம்பு குறைந்தது, தாங்கும் திறன் ஏறியது. ஒரு கிராம் எடைத் துண்டு வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வந்தாலும் தடுக்கும் என்பது கணக்கு. ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை சோவியத் சிப்பாய்கள் போட்டது இதைத்தான். சோவியத் யூனியன் கலைந்த பிறகும் இதன் வேலை முடியவில்லை.

அடையாளம் காண்பது சுலபம், உள்ளே அளவும் ஆண்டும் பெரும்பாலும் முத்திரையாக இருக்கும். முன்னால் பளிச்சென்று சிவப்பு நட்சத்திரம் வரைந்திருந்தால் அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்காக வரைந்தது. அதைச் சுரண்ட முயல வேண்டாம், வேறு ஒன்றை வாங்குங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் அண்டை நாட்டுச் சாயல்கள். எஸ்எஸ்எச்-40 வேண்டும் என்று தேடினால் செக்கோஸ்லோவாக்கியாவின் 1953 மாடல், ஹங்கேரியின் 1950 மாடல், போலந்தின் 1950 மாடல் எல்லாம் சோவியத் பெயரில் வந்து நிற்கும். செக் ஓட்டில் ரிவிட்கள் மேலே தள்ளி இருக்கும், சோவியத் எஸ்எஸ்எச்-40-இல் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும். எஸ்எஸ்எச்-68-ஐயே எடுத்தால் இந்தத் தலைவலி குறைவு.

மறைசெலவு பணம் அனுப்புவதில் இருக்கிறது. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் ரஷ்யாவில் சேவையை நிறுத்திய பிறகு அங்கிருந்து நேரே வாங்குவது பெரும்பாடு. மற்ற முன்னாள் சோவியத் நாடுகள் வழியாகவோ ஐரோப்பிய வியாபாரிகள் வழியாகவோ வாங்கினால் மலிவு என்ற ஒரே அனுகூலமும் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் செயற்கைத் தோல் நம் வெயிலில் விறைத்து வெடிக்கும், மழையில் பிசுபிசுக்கும்.

## பிரிட்டிஷ் மார்க் 4

தட்டுப் போன்ற பழைய பிரிட்டிஷ் ஹெல்மெட் போய், 1944-இல் ஆமை ஓட்டு வடிவில் மார்க் 3 வந்தது. அதே ஓட்டில் லைனரைக் கழற்றும்படி மாற்றியதுதான் மார்க் 4. உச்சியில் ஒரு அழுத்துப் பொத்தான், அவ்வளவுதான். கழற்றினால் தண்ணீர் மொள்ளலாம். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்: ஓடு மாறவில்லை, பெயர் மாறியது, காரணம் லைனர். அர்ஜென்டினாவோடு 1982-இல் நடந்த ஃபாக்லாந்துப் போரிலும் இந்தக் குடும்பத்து ஹெல்மெட்தான். 1980-களின் நடுவில் நைலான் கலவையில் செய்த மார்க் 6 வந்து ஓய்வு கொடுத்தது.

தயாரிப்பாளரின் சுருக்கெழுத்தும் ஆண்டும் ஓட்டிலேயே குத்தியிருக்கும். பிஎம்பி என்றால் பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ், கார் உடல் செய்தவர்கள். புதியவர் ஒருவர் உதவியில்லாமல் படிக்கக்கூடிய ஹெல்மெட் இது. 1945 ஓடும் 1950-களின் லைனரும் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டாம், பழைய ஓட்டுக்குப் புது லைனர் கொடுப்பது வழக்கம்தான்.

ஏமாற்று ஒரே இடத்தில்: மார்க் 4-ஐ நார்மண்டித் தரையிறக்கத்தின் மார்க் 3 என்று விற்பார்கள். தாடை வாரின் வளையத்தைப் பிடிக்கும் ரிவிட்டைப் பாருங்கள். மார்க் 4-இல் அது விளிம்பை ஒட்டிக் கீழே, மார்க் 3-இல் மேலே. விலை வித்தியாசம் பெரியது என்பதால் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் ரப்பர் துண்டுகள் காலப்போக்கில் கல்லாகிப் பொடியும். அதற்கு மருந்தில்லை.

## வாங்கிய பிறகு வரும் செலவு

பார்சல் ஒன்றரைக் கிலோவைத் தொடும், பெட்டி பெரிது என்பதால் கூரியர்காரர் கொள்ளளவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார். மலிவான எஸ்எஸ்எச்-68 அல்லது எம்56 விஷயத்தில் கூரியரும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிடுவது சர்வ சாதாரணம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் இடம் இருந்தால் அதுவே நல்ல வழி, செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் உதிர்ந்திருந்தால் மறுபடி அடிக்காதீர்கள், மதிப்பே அந்தப் பழைய பெயின்ட்தான். ஓட்டின் மேல் மெழுகு பாலிஷ் மெல்லிசாகத் தேய்த்தால் உப்புக் காற்று கொஞ்ச நாள் தள்ளிப்போகும். தோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் வேண்டாம். சில மாதத்தில் சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி அடைக்காமல் வெளுத்த பருத்தித் துணியை வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே வேர்த்துத் துருப்பிடிக்கும்.

## யாருக்கு எது

ஒரே ஒரு ஹெல்மெட்தான் வாங்கப் போகிறேன், அதற்கு ஒரு கதை வேண்டும் என்றால் எம்56. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மலிவு, முழுமை, போலிப் பயமில்லை, பனிப்போர் முழுவதையும் அதை வைத்துப் பேசலாம்.

தொடர்ந்து சேர்க்கப் போகிறேன், முத்திரை படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு மார்க் 4. தானாகவே பாடம் சொல்லிக் கொடுக்கும்.

எம்1-ஐ இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்குங்கள். அது நான்கில் மிகச் சிறந்த பொருள்தான், ஆனால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குள் பணம் போய்விடும். வியட்நாம் காலத்தின்மேல் தீராத ஆசை இருந்தால் டிஎஸ்ஏ எண்ணுள்ள லைனரை முதலில் வாங்கிவிட்டு, ஓட்டை நிதானமாகத் தேடுங்கள். எல்லோரும் செய்வதற்கு நேர் எதிர், ஆனால் பணம் மிஞ்சும்.

எஸ்எஸ்எச்-68 நாடகக் குழுவுக்கும் குறும்படம் எடுப்பவருக்கும் நல்ல தேர்வு. அடிபட்டாலும் மனம் வலிக்காது. சேகரிப்புக்கென்றால், அருகிலேயே நேரில் பார்த்து வாங்கக் கிடைக்கும்போது மட்டும்.

எதை வாங்குவதானாலும் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: உச்சி தெரியும்படி உள்பக்கம், விளிம்பு இணையும் இடம், முத்திரை, வாரின் வளையமும் ரிவிட்டும். வெளிப்பக்கத்தை அவரே அழகழகாகப் பத்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். உள்ளே எடுக்கத் தயங்கினால் அடுத்த விற்பனையாளரைப் பாருங்கள்.